காலையில் பல் தேய்த்த இடம்

சலவை மடிப்பு கலையாத சட்டையோடு ஒரு குடும்பம் என் கவுண்டருக்கு வந்தால் எனக்குப் பகீரென்றிருக்கும். அவசரத் தங்குமிடப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நிஜமாகவே போக்கிடம் இல்லாதவர்கள்தான் இப்படிப் பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு வருவார்கள். வந்ததும் வாய்கூசாமல் பொய் சொல்வார்கள். உதவி வாங்குவதற்காக இல்லை, மானத்துக்காக.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு வந்த பள்ளி வேன் ஓட்டுநரும் அந்த ரகம்தான். பக்கத்தில் மனைவி, தையல் வேலை பார்ப்பவர். மடியில் ஒன்றும் மடியோரம் ஒன்றுமாக இரண்டு பெண் குழந்தைகள். குடியிருந்த கட்டடத்தில் விரிசல் விழுந்து, ஆபத்து என்று அரசாங்கம் சீல் வைத்து மூன்று நாளாகிறது.

"நேத்து ராத்திரி எங்க தங்கினீங்க?"

"அண்ணன் வீட்டுலதாங்க. கொஞ்சம் நெருக்கடி. மத்தபடி ஒரு குறையும் இல்ல."

நானும் 'உறவினர் வீடு' என்று எழுதிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தை விழுந்தால் போதும், குடும்பம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். முறை வர ஏழெட்டு மாதம் ஆகும். தங்க இடமே இல்லை என்று எழுதினால், அன்றைக்கே அரசாங்கம் அறை கொடுத்தாக வேண்டும். இது அவருக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்துப் பதில் வாங்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அதனால் இந்தக் கௌரவக்காரர்களுக்கென்றே நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்.

"காலையில பிள்ளைங்க எங்க பல்லு தேச்சாங்க?"

இதற்கு யாரும் பதில் தயார் பண்ணிக்கொண்டு வருவதில்லை. ஓட்டுநர் மேஜையைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார்.

"பார்க் குழாயில."

"நீ சும்மா இரு. மானம் போகுது."

"மூணு நாளா வேனுக்குள்ள நாலு பேரும் மடங்கிப் படுத்தப்போ போகாத மானம், இங்க சொன்னாவா போயிடும்? நீங்க எழுதிக்கோங்கம்மா. இவங்க அண்ணன் போனையே எடுக்கல."

முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'தங்க இடமில்லை' என்று எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஒரு ரூமும் காலி இல்லம்மா. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க. மூணு நாள் சமாளிச்சவங்க இன்னும் மூணு நாள் சமாளிக்க மாட்டாங்களா?"

கெட்ட மனிதர் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் வரும் புத்திதான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு குழந்தைங்க இருக்கிற குடும்பத்துக்கு இன்னைக்கு இடம் தர முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நம்மகிட்ட ரூம் இல்லன்னா வெளியில விடுதியில ரூம் பிடிச்சுத் தர்றதும் நம்ம பொறுப்புதான். வீட்டுக்குச் சீல் வெச்சதும் அரசாங்கம்தானே."

இத்தனை வருஷத்தில் அப்படியொரு தாளில் கையெழுத்துப் போடத் துணிந்த அதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை. இவர் என்னை முறைத்தார். பேனாவைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். நான் இடத்தைவிட்டு அசையவில்லை. நாலாவது விடுதியில் அறை கிடைத்தது.

அறை ஒதுக்கிய சீட்டோடு கவுண்டருக்குத் திரும்பியபோது என் நடையே வேறு மாதிரி இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மனைவி சீட்டை வாங்கி வரிவரியாகப் படித்தார். கும்பிடு போடவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"எத்தனை நாளைக்கும்மா?"

"வேற வீடு குடுக்கிற வரைக்கும். நடுவுல யாராவது காலி பண்ணச் சொன்னா நேரா இங்க வாங்க."

"வருவோம்."

கையெழுத்து வாங்க ஓட்டுநர் பக்கம் திரும்பினேன். அதுவரை நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தவர், முதுகைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மடிப்புச் சட்டை தோள்பக்கம் கசங்கியிருந்தது. மனைவி எழுப்பக் கை நீட்டி, என்னைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையசைத்தேன்.

மணி ஐந்து. காவலாளி கூடத்து மின்விசிறிகளை வரிசையாக அணைத்துக்கொண்டே வந்தார். ஓட்டுநரின் தலைக்கு மேலே ஓடிய விசிறியின் சுவிட்சில் கையை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.