சலவைக் கடையில் மாப்பிள்ளை

மாப்பிள்ளை என்பது ஒரு தங்கமீன். யார் தொட்டியைத் தட்டினாலும் முதல் ஆளாக வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பதால் சலவைக் கடைக்காரியின் கொழுந்தன் வைத்த பெயர் அது. கொழுந்தன் இப்போது ஆஸ்பத்திரியில் தனி அறையில் கிடக்கிறான். ரத்தத்தில் கோளாறு. சின்னக் கிருமி பட்டாலும் ஆபத்து என்று யாரையும் உள்ளே விடுவதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டலாம், அவ்வளவுதான். தினமும் போனில் அவன் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணி, மாப்பிள்ளை சாப்பிட்டானா?"

போகும்போதே கிண்டல் செய்துவிட்டுத்தான் போனான். "உங்ககிட்ட விட்டா மீனையும் சலவைக்குப் போட்டுடுவீங்க." அண்ணி சலவைக் கடை நடத்துகிறவள். அழுக்கைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளையின் வாலில் ஒரு காலை பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்திருந்தது. கணவன் எட்டிப் பார்த்தான்.

"இதே மாதிரி வேற ஒன்னு வாங்கி விட்டுட்டாப் போச்சு. அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. அங்க படுத்துக் கிடக்கிற புள்ளைகிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா? போய் உங்க வேலையைப் பாருங்க."

மீன் கடைக்காரர் வழி சொன்னார். மற்ற மீன்களிடமிருந்து பிரித்துத் தனியாக வைக்க வேண்டும். அதற்குப் புதுக் கண்ணாடித் தொட்டி எதற்கு, ஒரு பிளாஸ்டிக் பெட்டி போதும். கொஞ்சம் கல் உப்பு, ஒரு காற்றுக் குழாய், பெரிய தொட்டியின் வடிகட்டியிலிருந்து பாதிப் பஞ்சு. தண்ணீர் மட்டும் சில்லிடக் கூடாது.

சோப்பே படாத பெட்டி அவள் கடையில் ஒன்றுதான் இருந்தது, பழைய ஹேங்கர்கள் கிடந்த பெட்டி. அதைக் காலி செய்து இஸ்திரி மேசைக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தாள். அங்கே எப்போதும் கதகதப்புதான், தனியாகச் சூடாக்க வேண்டியதில்லை. எல்லாம் கச்சிதம். பஞ்சைக் கையில் எடுத்தபோதுதான் பழுப்புச் சேறு வழிந்தது. விடுவாளா? வெந்நீரில் முக்கி, கசக்கி, பிழிந்து, புதுசுபோல ஆக்கித்தான் உள்ளே வைத்தாள்.

இரண்டு நாளில் மாப்பிள்ளை தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து திணறினான். தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் மீன் கடைக்கு ஓடினாள்.

"பஞ்சைக் கழுவினீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பளிச்சுன்னு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மீனோட கழிவைத் தின்னு தண்ணிய நல்லா வச்சிருக்கிறதே அந்தச் சேத்துல இருக்கிற கிருமிங்கதாம்மா. மொத்தத்தையும் அவிச்சிட்டீங்களே."

வழியெல்லாம் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். வந்ததும் முந்தின நாளே பிடித்துத் திறந்து வைத்திருந்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, பாதித் தண்ணீரை மாற்றினாள். பெரிய தொட்டியில் மிச்சமிருந்த பஞ்சில் ஒரு துண்டு வெட்டினாள். கை தானாகக் குழாய்ப் பக்கம் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட அப்படியே உள்ளே வைத்தாள்.

அன்று போன் வந்தது. "சாப்பிட்டானா அண்ணி?"

"இல்லப்பா. உடம்புக்கு முடியல. தனியா வச்சிருக்கேன். நான் லேசுல விடமாட்டேன்."



தினமும் கடை திறந்ததும் முதல் வேலை தண்ணீர் மாற்றுவதுதான். சட்டை கேட்டு வந்தவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். வாலில் படர்ந்த வெள்ளை மெல்ல மெல்ல உதிர்ந்தது. ஒரு காலை, பெட்டியைத் தட்டியதும் மாப்பிள்ளை வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கொழுந்தன் கூப்பிடும்வரை பொறுக்காமல் அவளே போன் போட்டாள்.

"சாப்பிட்டான்டா தம்பி. மூணு வாய்."

அவன் சிரித்தான். பிறகு கேட்டான். "இத்தனை நாளும் தனியாவே கிடந்தானே, பயந்திருப்பான்ல?"

"என்ன தனியா? நாள் முழுக்க நான் பக்கத்துல நின்னு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேனே."

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு."

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பாதி தேய்த்த சட்டை மேசையிலேயே கிடந்தது.

"கண்ணாடிப் பக்கமே பாத்துக்கிட்டு இரு," என்றாள். "கிளம்பிட்டேன்."