தூங்கும் செடிகள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள், தக்காளி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். காய்கறித் தட்டில் தக்காளியைக் காணோம். ஈரப் பாசியில் சுற்றிய செடிகள்தான் பிளாஸ்டிக் பைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன.

"டேய், என்னடா இது?"

வேலை போனதிலிருந்து அவளோடு தங்கியிருக்கும் தம்பி ஓடிவந்தான். பூச்சி தின்னும் செடிகள் என்றால் அவனுக்கு உயிர். மொட்டைமாடி முழுக்க அவைதான்.

"கதவ மூடுக்கா, சூடு பட்டுடும். அதுங்க தூங்குது. வருஷத்துல மூணு மாசம் குளிர்ல ஓய்வு குடுக்கணும்."

"குடுக்கலைன்னா?"

"வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள தேஞ்சு தேஞ்சு ஒருநாள் செத்துடும்."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"குடுத்து வச்ச செடிங்கடா" என்றாள்.

தம்பிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிப்போனது. அடுப்பு மேடைக்கு அடியில் தான் ஒதுக்கி வைத்திருந்த தக்காளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான்.

"நீ போய்ப் படுக்கா. இன்னைக்கு நான் சமைக்கிறேன்."

"உனக்கு அடுப்பு பத்த வைக்கவாவது தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிறேன்."

அவனோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ தீயும் வாசனை வந்தது. எழுந்து போகலாமா என்று நினைத்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.