தவறாத குண்டு

காலைச் சங்கு ஊதியதும் விருமாண்டி மேஸ்திரி மில் வாசலுக்கு வருவார். அன்றைக்கு வராத ஆட்களுக்குப் பதிலாக யார் உள்ளே போவது என்பது அவர் வாய்ச்சொல். அந்த மாசம் அது வாயைவிட்டுக் கைக்குப் போயிருந்தது. ரங்கூனிலிருந்து மச்சினன் கொண்டுவந்த ஜப்பான் விளையாட்டுச் சாமான் ஒன்று அவர் கையில் இருந்தது. மரப்பிடி, நுனியில் முள், நூலில் தொங்கும் துளை போட்ட மரக்குண்டு. குண்டை எகிறவிட்டு முள்ளில் குத்தி நிறுத்துகிறவனுக்குத்தான் வேலை என்றுவிட்டார்.

தவசி பேரையூர்ப் பக்கம் மழை பொய்த்து வந்தவன். வில்லாபுரத்து ஓரத்தில் குடிசை. பெண்டாட்டி ராமக்காள் வயிற்றுப்பிள்ளைக்காரி; சித்தாள் வேலைக்குப் போக முடியாமல் கால் வீங்கிக் கிடந்தாள். அவன் உள்ளே போனால்தான் அடுப்பு எரியும்.

முதல் நாள் வெடுக்கென்று இழுத்தான். குண்டு மூக்கில் அடித்தது. வெறுங்கையோடு திரும்பினான்.

கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி அதே மாதிரி ஒன்று செய்துகொண்டான். குண்டு பக்கவாட்டில் ஓடியது. துரத்தத் துரத்த இன்னும் ஓடியது. படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த ராமக்காளுக்குப் பொறுக்கவில்லை.

"மூட்டையக் கையாலயா தூக்குவீக? காலை மடக்கித்தான தூக்குவீக."

அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. முதலில் குண்டின் ஆட்டத்தை விரலால் அடக்கினான். முழங்காலைத் தாழ்த்தி, உடம்போடு நேராக மேலே தூக்கினான். குண்டு சுழலாமல் எழுந்து, ஒரு கணம் நின்று, இறங்கும்போது முள்ளைத் துளைக்குக் கீழே வைத்தான். டொக்.

அதோடு தினமும் உள்ளே போனான். பஞ்சுத் தூசியை இருமித் துப்பிக்கொண்டே அரிசி வாங்கி வந்தான்.

ஒரு நாள் அவன் குத்தி நிறுத்தியதும் மேஸ்திரி கொட்டாவி விட்டார். அடுத்து வந்த சோலை குண்டைத் தன் பல்லிலேயே மோதிக்கொண்டு, "ஆத்தாடி" என்று குந்திவிட்டான். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இவன் உள்ள வரட்டும்," என்றார்.

"அண்ணே, நான் குத்திட்டேன்ல?" என்றான் தவசி.

"நீ குத்திருவன்னு தெரியுமே மாப்ள. தெரிஞ்சதப் பாக்க நான் எதுக்கு இங்க நிக்கணும்?"

மறுநாளும் சிரிப்புக் காட்டினவனுக்குத்தான் வேலை. அதற்கு மறுநாளும். வீட்டில் அரிசிப் பானை அடி தெரிந்தது.

அடுத்த நாள் குண்டைத் தவறவிட்டே தீருவது என்று தவசி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். முதல் நாள் மாதிரி வெடுக்கென்று இழுக்கணும், மூக்கை நீட்டணும், அம்புட்டுதான். பிடியை வாங்கியதும் விரல் தானாகப் போய்க் குண்டின் ஆட்டத்தை அடக்கியது. கோணலாகத்தான் இழுத்தான். முழங்கால் மடங்கிவிட்டது. மணிக்கட்டு அவனைக் கேட்காமல் குண்டுக்குக் கீழே ஓடியது.

டொக்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவனுக்குக் கொடுக்க, மேஸ்திரி அவனைப் பார்க்காமலே கையை நீட்டினார். தவசி சாமானைக் கொடுத்தான். குண்டு முள்ளிலேயே இருந்தது.