நூறைத் தாண்டாத கேமரா

சம்மட்டி எந்திரத்தின் கழுத்தில் விரிசல் விட்டிருந்தது. அடி விழும் நொடியில் வாய் திறக்கும். சம்மட்டி மேலே ஏறினால் ஒன்றும் தெரியாத மாதிரி மூடிக்கொள்ளும். அதன் கீழே உட்கார்ந்து பழுக்கக் காய்ந்த இரும்பைத் திருப்பிக் கொடுப்பவன், எந்திரங்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டரின் தங்கை புருஷன். கழுத்து முறிந்தால் முதலில் நசுங்குவது அவன் தலைதான்.

பாதுகாப்பு அதிகாரி முப்பதடி தள்ளி நின்றே பாதுகாப்பைப் பார்ப்பவர். ஃபிட்டர் விரிசலைப் பற்றிச் சொன்னதும், "படத்துல தெரிஞ்சா உடனே நிறுத்திடறேன்" என்றார்.

செல்போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்ளும் தொழிற்சாலை. அதனால் நிர்வாகத்தின் போட்டோகிராபர் வந்தார். முதலாளியின் சிரிப்பை எடுத்தே பேர் வாங்கியவர். மூன்று கால் ஸ்டாண்டை விரித்தார், கேமரா வெளிச்சத்தை வாங்கும் அளவான ஐஎஸ்ஓவை நூறில் வைத்தார், மூச்சை அடக்கி அமுக்கினார். சம்மட்டி விழுந்தது, தரை குதித்தது, ஸ்டாண்டும் குதித்தது.

படத்தில் எந்திரம் கலங்கிப்போய் ஆவி மாதிரி நின்றது.

"ஐஎஸ்ஓவை ஏத்துங்க சார். அரை செகண்டு திறந்து வச்சா இந்தத் தரையில என்ன நிக்கும்?" என்றார் ஃபிட்டர்.

"ஏத்தினா படம் பூரா புள்ளி விழும். நான் நூறைத் தாண்டறதே இல்ல."

"அப்ப பிளாஷ் போடுங்க."

"வேணாம் மச்சான்!" என்று அங்கிருந்தே கத்தினான் தங்கை புருஷன். "கண்ணு கூசுச்சுன்னா கையை உள்ள விட்டுருவேன்!"

போட்டோகிராபர் லென்சைத் துடைத்தார். அந்தத் துணி, ஃபிட்டர் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைவிட வெள்ளையாக இருந்தது. மறுபடி நூறு. மறுபடி ஆவி. ஐந்து படம் எடுத்தார். ஐந்திலும் புள்ளி இல்லை, விரிசலும் இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையேப்பா" என்று பேனாவை மூடப் போனார்.

ஃபிட்டர் நடுவே புகுந்தார்.

"என் மூஞ்சியைப் பாருங்க சார். தீப்பொறி பட்டுப் பட்டு எவ்வளவு புள்ளி? என் பொண்டாட்டி அடையாளம் தெரியாமலா சோறு போடறா? ஏத்துங்க. இல்லன்னா என் தங்கச்சி வீட்டுக்கு வந்து நீங்களே பதில் சொல்லுங்க."

பக்கத்து எந்திரத்துக்காரர்கள் இரண்டு பேர் கை துடைத்தபடி வந்து நின்றார்கள். போட்டோகிராபர், கக்கூஸ் பீங்கானில் கை விடுகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆறாயிரத்து நானூறுக்குத் திருகினார். அடி விழும்போது நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு செகண்டு. அமுக்கினார்.

மணலை வாரி இறைத்த மாதிரி படம். நடுவில், கழுத்துக்குக் குறுக்கே, விரல் நுழையும் அளவு கறுப்பாய்த் திறந்திருந்தது விரிசல்.

அதிகாரி இன்னும் பத்தடி பின்னால் போய், நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எந்திரம் நின்றது.

"என் பேரை இந்தப் புள்ளிப் படத்துல போட்டுடாதீங்க" என்றார் போட்டோகிராபர். தரை அசையவில்லை என்று கண்டதும் கேமராவை நூறுக்கு இறக்கி நிதானமாக ஒன்று எடுத்தார். கண்ணாடி மாதிரி படம். நின்றுபோன எந்திரம், மூடிக்கொண்ட கழுத்து.

"இதுக்குப் பேருதான் படம்" என்று நீட்டினார்.

ஃபிட்டர் அதைப் பார்க்கவில்லை. தங்கை புருஷன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.