இறங்கிய நாளில் சுடக்கூடாது

...ஆளுக்கு அறுபது பவுண்டுதான், அதற்கு மேல் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட ஏறாது என்று விமானி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், எடை மெஷினில் ஒவ்வொரு பையாக வைத்து முனகிக்கொண்டே இருந்தார், அத்தை தன் மடக்கு நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டாள், தலையணையைப் போட்டாள், முழங்காலுக்குக் கட்டும் கம்பளிப் பட்டையைக்கூடக் கையில் எடுத்து யோசித்தாள், ஆனால் அந்தப் பச்சைத் துணி உறையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. சரிதான், அவள் துப்பாக்கி, நாற்பது வருடத் துணை, அதை எப்படி விடுவாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இதோ எங்களை இறக்கிவிட்டு ஏரியிலிருந்து எழும்பிய மிதவை விமானம் மலைக்கு மேலே கொசு அளவுக்குச் சிறுத்துவிட்டது, சத்தமும் போய்விட்டது, இனி ஏழாம் நாள்தான் வரும், அதுவரை எண்பது மைலுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்... நானும் என் மனைவி ஹோலியின் அம்மாவும். மாமியாரோடு ஏழு நாள் ஒரே கூடாரத்திலா என்று வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், அவள் கூப்பிட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

கூப்பிட்ட விதமும் அவள் விதம்தான். “மாமா போய்ட்டாரு, என் முழங்காலும் போய்ட்டுது. கறி சுமக்க ஆள் வேணும் மாப்ளே. உனக்கு முதுகு நல்லாத்தானே இருக்கு?” இருக்கு அத்தை என்றேன். “அப்படியே வேட்டைக்கு அனுமதிச் சீட்டும் ஒண்ணு எடுத்து வை. சும்மா இருக்கட்டும்.” சுமப்பவனுக்கு எதற்குச் சீட்டு? கேட்கவில்லை, சும்மா கிடந்த சங்கை ஊதுவானேன், கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம். எங்கள் ஊர் ஃபேர்பாங்க்ஸிலிருந்து விமானம் ஏறும் இடத்துக்குப் பத்து மணி நேரம், சரளைக்கல் ரோடு, நான்தான் ஓட்டினேன், முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வேறு யார் ஓட்டினாலும் அவள் வலது கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கைத் தரையில் அழுத்திக்கொண்டே வரும், லாரி எதிரே வந்தால் ஒரு அழுத்து, வளைவில் ஒரு அழுத்து, நேர் ரோட்டிலும் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று. ஹோலி ஓட்டினாலும் அப்படித்தானே, ஆனால் நான் ஓட்டும்போது அது வேறு மாதிரி தெரிகிறது, எனக்கு மட்டும் தெரிகிறதோ என்னவோ.

கூடாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவை வந்தன, கரிபு மான்கள், முப்பது நாற்பது இருக்கும், முன்னால் ஒரு பெரிய ஆண், கொம்பில் தோல் உரிந்து சிவப்பாகத் தொங்குகிறது, கணுக்கால்கள் டிக் டிக் என்று சொடுக்குப் போட, எங்களை ஏதோ புதர் என்று நினைத்தவை போல அறுபது அடி தூரத்தில் நடந்து போயின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பறந்து வந்து இறங்கிய நாளில் சுடக்கூடாது, சட்டம், மேலிருந்து பார்த்துவிட்டுக் கீழே வந்து சுடுவது வேட்டையில்லையாம். அத்தை இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். “பாரு, அதுக்கும் சட்டம் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு விடிகாலை மூணு மணி வரைக்கும் நம்ம ரெண்டு பேரும் வெறும் சுற்றுலாக்காரங்க.” பிறகு கெட்டி பிஸ்கட்டில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி என்னிடம் நீட்டினாள், காப்பி கொதித்தது, சிவந்து கிடந்த புதர்களுக்கு மேலே வெயில்... எவ்வளவு நாளாயிற்று, இப்படி ஒரு பிற்பகல், வாயில் வேறு எந்த ருசியும் தேடாமல்.

பிற்பகல் என்றால் அந்த ஏப்ரல் ஞாயிறு வந்துவிடுகிறது, வராமல் இருக்காது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது, கொட்டகையில் நான், முக்கால் பாட்டில் உள்ளே போயிருந்தது, துப்பாக்கி மடியில். என்ன செய்ய நினைத்தேன்? தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், தெரியாது என்பதும் பொய்தானோ... ஹோலி போன் பண்ணியிருக்கிறாள், அத்தை வந்தாள், கத்தவில்லை, அழவில்லை, பஸ்ஸில் சண்டை போடும் பிள்ளையிடமிருந்து பென்சிலை வாங்குவது போல மடியிலிருந்து அதை எடுத்தாள். “இது என்கிட்ட இருக்கட்டும். சூப் கொண்டாந்திருக்கேன், ஆறிடும், எழுந்து வா.” மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் அவள் வண்டி. “ஏறு.” எங்கே என்று கேட்கவில்லை, குடியை நிறுத்தும் சிகிச்சைக்குத்தான். இரண்டு மாதம் அங்கே இருந்தேன், ஒரு வாரம்கூடத் தவறாமல் பார்க்க வந்தாள், என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினாள். மூன்று வருடமாகிறது, ஒரு சொட்டு இல்லை, ஒரு வார்த்தை குத்திக்காட்டவும் இல்லை. அந்தத் துப்பாக்கி அவள் வீட்டு இரும்பு அலமாரியில் இருக்கும், நான் கேட்டதில்லை, கேட்கிற தகுதி எனக்கு ஏது?

“அந்த உறையக் கொண்டா.” கொண்டுபோனேன். “நீயே பிரி.” பிரித்தேன்... துப்பாக்கியின் மரக்கட்டையில் சில்லு பெயர்ந்த அந்த இடம், எப்போதோ படகில் இடித்தது, என் கட்டைவிரல் தானாகப் போய் அங்கே உட்கார்ந்தது. என்னுடையது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாள், மூன்று வருடமும் துடைத்திருக்கிறாள் போலிருக்கிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. உங்களுடையது எங்கே அத்தை என்றேன். “வீட்ல. ரெண்டு தூக்கினா எடை ஏறிடும்ல. ஒரு மானுக்கு ஒரு துப்பாக்கி போதும்.” நாற்காலியை விட்டாள், தலையணையை விட்டாள், சரி, ஆனால் நாற்பது வருடத் துணையையும் விட்டுவிட்டு, என்னுடையதைத் தூக்கிக்கொண்டு... தோட்டாப் பெட்டியையும் அப்படியே என் கையில் வைத்தாள். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். “கரடி வந்தா எழுப்பு, அதுக்குச் சட்டம் இடம் குடுக்குது. மான் வந்தா எழுப்பாதே, வீணாப் பசிக்கும்.” பூட்ஸைக் கழற்றிவிட்டு, பையைத் தலைக்கு வைத்து, பாசித் தரையில் சாய்ந்துவிட்டாள்.

இப்போது குறட்டை. இந்தப் பெண்மணி குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை, நான் இருக்கும் இடத்தில் தூங்கியதே இல்லையே. ஏரிக்கு அக்கரையில் எதுவும் அசையவில்லை, துப்பாக்கி என் மடியில், அதே மடி, அதே கனம். நெஞ்சு நிறைந்து கிடக்கிறது, இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன், ஒரு மான் போதாது, ஒரு மந்தை போதாது. ஹோலிக்குத் தெரியுமா இது? சொல்லியிருப்பாளா? அத்தை சொல்லாமல்தான் வந்திருப்பாள், சொன்னால் ஹோலி விட்டிருக்கமாட்டாள்... நான் நல்லாயிட்டேன் என்று இவளுக்கு யார் சொன்னது, எனக்கே யாரும் சொல்லவில்லையே. சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைக்குள் அவள் வலது கால் வெயிலில் நீண்டு கிடக்கிறது, குதிகாலில் ஒரு தையல், விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சும்மா, எதையும் அழுத்தாமல். எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை, எழுந்து அடுப்பை அணைக்கலாம் என்று அசைந்தபோதுதான் கவனித்தேன், என் வலது பூட்ஸ் பாசிக்குள் கணுக்கால் வரை இறங்கியிருந்தது, நான்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.