பதினொன்றாம் பேட்ச்

டில்லி கரோல் பாக்கில் இருக்கும் எங்கள் ஆபீஸ், ஓர் அரசுத் துறைக்கு மென்பொருள் எழுதித் தருகிறது. வீட்டு வேலை, கட்டட வேலை செய்கிறவர்களுக்கு மருத்துவ அட்டை வழங்கும் மென்பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அதில் கைவைக்க விடுவார்கள். இந்தத் தடவை பதிமூன்று திருத்தங்கள். அதாவது பதிமூன்று பேட்ச் ஃபைல்கள். எந்த வரியை எடுக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று மைனஸும் ப்ளஸும் போட்டுச் சொல்வதுதான் பேட்ச். துறைக்குப் பதிமூன்று வேண்டாமாம், ஒரே ஃபைலாக வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் ரூல் என்பார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒன்றாக்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

பதிமூன்றில் எனக்கு முக்கியமானது நான்காவது. எங்கள் மாடியைப் பெருக்கித் துடைக்கும் பொன்னம்மாளை நினைத்து எழுதியது. செஞ்சிப் பக்கத்துக்காரர். வலது கண்ணில் புரை. அட்டை இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும். மனுப் போட்டால், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதென்று மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். பொன்னம்மாளுக்கு ஏது குடும்பப் பெயர்? சைபர் கஃபேக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு 'சிங்' என்று போட்டுவிட்டான். ஆதாரில் சிங் இல்லை. அதுவும் திரும்பி வந்தது.

இந்த எரிச்சல் எனக்குப் புதிதல்ல. என் பெயர் ஸ்ரீவத்ஸன். இந்த ஊரில் இருபது வருடமாக என்னை 'சேஷாத்ரி ஜி' என்கிறார்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்ப நான் போட்ட என் அப்பா பெயர் அது. அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் மனுவை ஏற்கலாம் என்று நான்காவது பேட்சில் ஒரு வரி சேர்த்தேன். துறையும் கையெழுத்துப் போட்டுவிட்டது.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் வேலை செய்யும் கம்பைன்டிஃப் என்றொரு கருவி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பேட்சுகளைக் கொடுத்தால் ஒன்றாக்கித் தரும். அப்படி வந்ததோடு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும், பிறகு நான்காவதை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து மூன்று மணிக்கெல்லாம் பதிமூன்றையும் முடித்துவிட்டேன். கருவி ஒரு முனகல் முனகவில்லை.

மாப்பும் கையுமாக வந்த பொன்னம்மாள் நின்றார்.

"அந்த மிசினு இந்த வாட்டி எம் பேர ஒத்துக்குமா சார்?"

"ஒத்துக்கும். இதோ காட்டறேன், பாருங்க."

ஃபைலில் தேடினேன். என் வரி இல்லை. மறுபடி தேடினேன். இல்லை.

"அப்புறம் காட்டறேன், பொன்னம்மா" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டு, படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். பத்து வரை சேர்த்த ஃபைலில் வரி இருந்தது. பதினொன்று சேர்ந்ததும் காணோம். ஒரு பேட்ச் சேர்த்த வரியை இன்னொன்று எடுத்துவிட்டால் இரண்டும் கழிந்துவிடும். அப்படி ஒரு வரி இருந்ததாகவே கருவி காட்டாது. பதினொன்றை எழுதிய மகானுபாவன் யாரென்று கோபத்தோடு பார்த்தேன். நான்தான்.

மயூர் விஹாரில் இருக்கும் என் வீட்டில், லேப்டாப்பில் கிடந்த, நான்காவதுக்கு முந்தைய பழைய பிரதியை வைத்து, மனுப் பக்கத்தை அழகாக்கி, புதிய ஃபைலின் மேலேயே சேமித்திருக்கிறேன். நான்காவதில் சேர்த்த வரி அதில் அடிபட்டுப் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. பொன்னம்மாள் கேட்டிருக்காவிட்டால் பார்க்காமலே அனுப்பியிருப்பேன்.

எங்கள் டீம் தலைவன் பிரதீப் டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அவனிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"பதினாலாவதா ஒண்ணு போட முடியாது, ஸ்ரீ பாய். பதிமூணுக்குத்தான் சைன் ஆயிருக்கு. அடுத்த க்வார்ட்டர் பாத்துக்கலாம்."

"மூணு மாசம் ஆயிடும். பதினொண்ண எடுத்துடட்டுமா?"

"எடுக்கறதுக்கு பர்மிஷன் வேணாம். ஆனா நம்ம டைரக்டர் சாப் ஆசையா கேட்டு வாங்கினது அது. உங்க தப்புனு நீங்களே எழுதிக் குடுக்கணும். அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் ரின்யூவல் வேற. ஞாபகம் இருக்கில்ல, யாத் ஹை நா?"

"யாத் ஹை."

நான் தியாகியெல்லாம் இல்லை. கீழே போய் டீ குடித்தேன். பதினொன்றையும் காப்பாற்ற ஏதாவது குறுக்கு வழி உண்டா என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. மேலே வந்து இரண்டு வரி எழுதினேன்: பதினொன்றாம் பேட்ச் பழைய பிரதியிலிருந்து தவறாக எடுக்கப்பட்டது, தவறு என்னுடையது, திரும்பப் பெறுகிறேன். பன்னிரண்டும் பதிமூன்றும் நல்ல வேளையாக வேறு ஃபைல்களைத் தொடுபவை. மற்றப் பன்னிரண்டையும் முதலிலிருந்து சேர்த்தேன். என் வரி ப்ளஸ் குறியோடு இருந்தது. நாலே முக்காலுக்கு அனுப்பினேன்.

 அடுத்த மாதம், ஒரு வருடம் நீட்டிக்க வேண்டிய என் கான்ட்ராக்டை ஆறு மாதம்தான் நீட்டித்தார்கள்.

மென்பொருள் மாறிய மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், பொன்னம்மாளை என் நாற்காலியில் உட்கார வைத்து மனுப் போட்டேன். திரும்பவில்லை. ரசீது அச்சாகி வந்தது. அவர் அதை வாங்கி இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். எல்லாம் இந்தியில் இருந்தது.

"பேரு இன்னானு போட்டுருக்கு சார்?"

"பொன்னம்மாள்."

"பின்னாடி?"

"பின்னாடி ஒண்ணும் இல்ல."

"அச்சா. அப்ப நாந்தான்" என்றார்.