முத்தாயி ஊட்டு ஸ்டாப்பு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. "பேராசைக்காரி ஒருத்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் அளந்துவிட்டேன். அப்போது கையில் ஒருத்தியும் இல்லை. வீடு திரும்புவதற்குள் முத்தாயம்மாள் வந்துவிட்டாள். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே, தார் காணாத சாலையோரம் அவள் வீடு, சோளக்காடு, கிணறு. வருஷம் 1938. அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்று: பஸ் தன் வாசலில் நிற்க வேண்டும்.

2

ஏன்? பாத்திரத்தின் ஆசைக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தாக வேண்டும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. எழுதிப் பார்த்தேன்.

சின்ன வயதில் ஒரு வண்டிக்காரன் அவளை நடுவழியில் இறக்கிவிட்டு

(வேண்டாம். ரொம்ப அழுகிறது.)

நாத்தனார் வாசலில் பஸ் நிற்பதைக் கண்டு அவள் வயிறு

(நாத்தனார்களை ஏற்கெனவே நிறையப் படுத்திவிட்டோம்.)

கடைசியில் கணவன் சென்னிமலையையே கேட்க வைத்தேன்.

"ஏம்புள்ள, மைல்கல்லுகிட்ட பஸ்ஸு நிக்குதில்ல? நாலு எட்டு நடந்தா ஆவாதா? எவ என்ன சொன்னா உன்னைய?"

"ஆரும் ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆசப்படறதுக்கு அடி பட்டிருக்கோணுமா?"

சென்னிமலை மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். நான் காயம் தேடுவதை விட்டேன்.

3

மேடேறி வருகிற பஸ் தன் வீட்டருகே என்ஜின் சூடேறி ஆவி கக்குவதை முத்தாயம்மாள் கவனித்திருந்தாள். ஒரு காலை நிறைகுடத்தோடு நடுச்சாலையில் நின்றாள்.*

டிரைவர் மணியன் பிரேக்கை மிதித்தான். "சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா, அம்மிணி?"

"வண்டிக்குத் தண்ணி தவிக்குதுங்க. ஊத்திட்டுப் போங்க, சாமி."

மறுநாளும் பஸ் நின்றது. மாதம் ஒன்று போவதற்குள் ஜனங்கள் மைல்கல்லை மறந்து, "முத்தாயி ஊட்டு ஸ்டாப்பு" என்றே டிக்கெட் கேட்டார்கள்.

* குடத்தை இடுப்பில்தான் வைத்தேன். அவள் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். தூரத்திலிருந்தே தெரியுமாம்.

4

சித்திரையில் கிணற்றின் அடி தெரிந்தது.

"மாட்டுக்கே பத்தல. பஸ்ஸுக்கு இனி ஒரு சொட்டு கெடையாது" என்றான் சென்னிமலை.

மறுநாள் குடம் இல்லை, பஸ் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளிலிருந்து முத்தாயம்மாள் ஒரு மைல் நடந்து, அடுத்த காட்டுக் கிணற்றிலிருந்து சுமந்தாள். இவ்வளவு வீம்பு எதற்கென்று எனக்கே கோபம் வந்தது. அவளை மாற்றி எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பதினோராம் நாள் சென்னிமலை இன்னொரு குடத்தோடு அவள் பின்னால் நடந்தான்.

5

ஆடியில் புது பஸ் வந்தது. ஆவி கக்காத என்ஜின். குடத்தோடு நிற்பவளைத் தாண்டி அது போய்விட்டது என்றுதான் எழுதினேன். (சோகம் நன்றாக விலைபோகும்.) மணியன் கேட்கவில்லை. நிறுத்திவிட்டான்.

"இந்த வண்டிக்குத் தண்ணி வேண்டாமுங்க, அம்மிணி. நீங்க ஏறுங்க. இத்தன நாள்ல ஒரு நாளாச்சும் ஏறியிருக்கீங்களா?"

குடத்தைப் பக்கத்தில் நின்ற கணவன் கையில் கொடுத்துவிட்டு அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எங்க போவோணுங்க?" என்று கேட்டான் மணியன்.

முத்தாயம்மாள் திகைத்துப்போனாள். பஸ் நிற்பதற்கு அப்பால் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. நானும் யோசித்து வைக்கவில்லை. பின்சீட்டில் யாரோ, "வெரசாச் சொல்லுங்க" என்கிறார்கள். அவள் சென்னிமலையைப் பார்த்துச் சிரிக்கிறாள். வாயைத் திறக்கிறாள்.

ஊர்ப் பெயரை நீங்கள் எடுத்துக்கொடுங்கள். தயவுசெய்து, கிட்டத்து ஊராகச் சொல்லிவிடாதீர்கள்.